முந்நூற்றுப் பத்தொன்பதாவது மதிப்புரை

அத்தியாயம் 9

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை 9.50. ஓர் இணையக் கடையின் மதிப்புரைச் சோதனைப் பிரிவு, நான்காவது மாடி, ஏழாவது மேசை. ஒரு வாடிக்கையாளர் எழுதிய 319-வது மதிப்புரை மீது புகார் வந்திருந்தது. அந்த வாடிக்கையாளர் இறந்து எட்டு மாதம் ஆகிறது.

ஏழாவது மேசையில் இருந்தவளை வீட்டில் பெரியவள் என்பார்கள். இறந்தவர் அவளுடைய அம்மா.

அம்மாவுக்குத் தையல் தொழில். வாங்கிய பொருள் ஒவ்வொன்றையும் டேப் வைத்து அளந்து, கடையின் பக்கத்தில் எழுதிவிடுவாள். பன்னிரண்டு வருடத்தில் 312 மதிப்புரைகள். போன வாரம்தான் பெரியவள் தற்செயலாக அந்தக் கணக்கைத் திறந்து பார்த்தாள். எண்ணிக்கை 319 என்று இருந்தது. அம்மா போன பிறகு ஏழு. ஏதோ எண்ணிக்கைக் கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூடிவிட்டாள். அவற்றைத் திறந்து படிக்கத் துணிவு வரவில்லை.

இன்று ஒன்று தானாகவே அவள் மேசைக்கு வந்துவிட்டது.

மணிக்கட்டில் கட்டும் ரத்த அழுத்தக் கருவி. எழுதிய தேதி ஜனவரி 24.

'பெட்டி ஒரு மூலையில் நசுங்கித்தான் வந்தது. பட்டையின் நீளம் 31 செ.மீ. என்று போட்டிருக்கிறார்கள். நான் டேப் வைத்து அளந்தேன், முப்பதரை. அரை செ.மீ. குறைந்தால் என்ன, அழுத்தத்தைச் சரியாகக் காட்டுகிறது. என் வீட்டுக்காரருக்கு வாங்கினேன். இப்போது மனுஷர் நிம்மதியாக இருக்கிறார். மற்றபடி குறை இல்லை.'

பெரியவள் ஒரு நாளைக்கு அறுநூறு மதிப்புரைகள் படிப்பவள். பொய்யைக் கண்டுபிடிப்பதற்கு அவளிடம் சில கணக்குகள் உண்டு. நிஜமாகப் பொருள் வாங்கியவருக்கு ஒரு பெட்டி இருக்கும். பெட்டி நசுங்கியிருக்கும், அல்லது கொண்டு வந்தவர் அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். காசுக்கு எழுதுகிறவருக்குப் பெட்டியே கிடையாது. அவருக்குப் பொருள் வானத்திலிருந்து நேராகக் கையில் விழும். நிஜமானவர் 'இது' என்பார். பொய்யர் பொருளின் முழுப் பெயரையும் மாடல் எண்ணோடு சொல்வார். நிஜமானவருக்கு ஒரு சின்னக் குறையாவது இருக்கும்.

இதில் எல்லாம் இருந்தது. நசுங்கிய பெட்டி, அரை செ.மீ. குறை, 'மனுஷர்' என்ற சொல். வேறு யாருடைய அம்மாவாக இருந்தாலும் பன்னிரண்டு விநாடியில் 'நம்பகமானது' என்ற பொத்தானை அழுத்தியிருப்பாள்.

கீழே சின்ன எழுத்தில்: 'இந்த மதிப்புரை 1,126 பேருக்கு உதவியது.'

புகாரைத் திறந்தாள். யாரோ ஒரு பெண் எழுதியிருந்தார். இரண்டே வரி.

'இந்த அம்மா எழுதியதை நம்பித்தான் வாங்கினோம். கருவி கடைசி நாள் காலையிலும் 120 என்றுதான் காட்டியது, என் கணவர் இப்போது இல்லை.'

பெரியவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போயிருந்தபோது அவர் இடது மணிக்கட்டில் கறுப்பாக ஒரு பட்டை இருந்தது. "புது வாட்ச்சாப்பா?" என்று கேட்டிருந்தாள். "அந்த மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு அவர் சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டார்.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள். லிஃப்டுக்குக் காத்திருக்க முடியவில்லை.

*

அப்பா முப்பத்து நான்கு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். தெருவில் இன்னும் லிஃப்ட்காரர் என்றால்தான் தெரியும். அம்மா போனதிலிருந்து அந்த இரண்டு அறை வீட்டில் தனியாக இருக்கிறார். பெரியவள் மணியடித்ததும் கதவைத் திறந்து, முதலில் அவள் முகத்தையும் பிறகு சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தார்.

"வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?"

"இல்லப்பா. கைய நீட்டுங்க."

"உள்ள வந்து செருப்பக் கழட்டு முதல்ல."

அவள் கழற்றவில்லை. அவர் கையைப் பிடித்துப் பட்டையை அவிழ்த்தாள். மேசைமேல் பரப்பினாள். தையல் மெஷின் இழுப்பறையில் அம்மாவின் டேப் அப்படியே சுருட்டி வைத்திருந்தது. எடுத்து அளந்தாள்.

இருபத்தேழு.

மறுபடி அளந்தாள். இருபத்தேழுதான். முப்பதரை என்று எழுதியவர்கள் இந்தப் பட்டையைக் கையால்கூடத் தொட்டதில்லை.

"என்ன பெரியவளே, ஜாக்கெட்டா தைக்கப் போறே?"

"மாத்திரை சாப்பிடறீங்களா?"

அப்பா அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். வேலையில் இருந்தபோது லிஃப்ட் சோதனைக்குக் குறிப்பெழுதுவாரே, அதே போலக் கோடு போட்ட பக்கங்கள். தேதி, நேரம், மேலே, கீழே, நாடி. நாற்பத்தொரு நாள். ஒரு நாள்கூட விடவில்லை. மேல் எண் 118-க்குக் கீழே போகவில்லை, 124-க்கு மேலே ஏறவில்லை.

"எல்லாம் நார்மல். எதுக்கு வீணா மாத்திரை? நிறுத்தி அஞ்சு வாரமாச்சு."

பெரியவள் கொடியில் கிடந்த துண்டை எடுத்தாள். கை கனத்துக்கு இறுக்கச் சுருட்டினாள். அதைச் சுற்றிப் பட்டையைக் கட்டி மேசைமேல் வைத்து, பொத்தானை அழுத்தினாள்.

கருவி முனகியது. பட்டை காற்று நிரம்பித் துண்டை இறுக்கியது. பிறகு அது மெல்லத் தளர்ந்தது. கருவியில் ஒரு சின்னச் சிவப்பு இதயம் மின்னி மின்னி அணைந்தது.

121. 79. நாடி 72.

அப்பா குனிந்து பார்த்தார். துண்டைப் பார்த்தார். கருவியைத் தன் பக்கம் இழுத்து, பட்டையை அவிழ்த்து, நாற்காலியின் காலில் கட்டினார். பொத்தானை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

123. 80. நாடி 70.

"நாற்காலிக்கு என்னைவிட நல்லா இருக்கு" என்றார். சிரிக்கவில்லை.

"அப்பா, நீங்கதானே சொல்லுவீங்க? ஒரு முள் ஒரு வாரம் ஆடாம நின்னா அது மீட்டர் இல்ல, மீட்டர் படம்னு."

"சொல்லியிருக்கேன்."

"நாப்பத்தொரு நாள் உங்களுக்குச் சந்தேகமே வரலையா?"

அப்பா உட்கார்ந்தார். "முதல் வாரமே வந்துச்சு. திருப்பி அனுப்பிடலாம்னு பெட்டியக்கூட எடுத்து வச்சேன்."

"அப்புறம்?"

"அவ நல்லா இருக்குன்னு எழுதியிருந்தாளே."

அப்பா தன் போனை எடுத்துக் காட்டினார். அவருடைய கணக்கில் ஒரே ஒரு வாடிக்கையாளரைத்தான் பின்தொடர்ந்தார். அந்தப் பெயரில் புதிதாக ஏதாவது வந்தால் போன் மணியடிக்கும்.

"எப்போலேர்ந்து அடிக்குது?"

"ஆகஸ்ட்லேர்ந்து. முதல் தடவை அடிச்சப்போ போனக் கீழ போட்டுட்டேன். அப்புறம் யோசிச்சேன். பழைய லிஃப்ட்ல பட்டன அழுத்திட்டு எவ்வளவு நேரம் நிப்போம், வராது. நாம படியில ஏறிப் போனதுக்கு அப்புறம் வந்து கதவு திறக்கும். அந்த மாதிரி, அவ இருக்கும்போதே எழுதி அனுப்பினது இப்போதான் வந்து சேருதுன்னு நினைச்சேன்."

"எட்டு மாசமாவா?"

"எனக்கு அந்த மெஷின் தெரியாதேம்மா."

வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். மேசை விளக்கு புதிது. ஜன்னல் திரை புதிது. சுவர்க் கடிகாரம் புதிது. ஞாயிறு தவறாமல் வந்துபோகிறாள். ஒன்றும் கண்ணில் பட்டதில்லை. எல்லாம் அம்மா சொல்லி வாங்கியவை.

அவள் தம்பி சின்னவனுக்குப் போன் செய்தாள். "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்றான்.

"அப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். கார் எடுத்துட்டு வா. வரும்போது அம்மா கணக்கோட பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்குன்னு யோசிச்சிட்டு வா."

"வரேன்" என்றான்.

*

சின்னவன் ஒரு விளம்பர நிறுவனத்தில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. என்ன வேலை என்று கேட்டால், "பொருளைப் பத்திப் பேச வைக்கறது" என்பான். அதற்குமேல் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

அப்பா முன் இருக்கையில். பெரியவள் பின்னால். முதல் சிக்னலில் வண்டி நின்றது.

"சொல்லு" என்றாள் பெரியவள்.

"அப்பா முன்னாடி வேணாம்க்கா."

"அவர் கையில கட்டியிருந்தது. அவர் முன்னாடிதான் சொல்லணும்."

சின்னவன் ஸ்டியரிங்கைப் பார்த்தே பேசினான். "சேரும்போது ஒரு நிபந்தனை. ஒவ்வொருத்தரும் பத்துப் பழைய கணக்கு கொண்டு வரணும். பத்து வருஷத்துக்கு மேல ஆகியிருக்கணும், நிறைய எழுதியிருக்கணும், ஒரு புகார்கூட இருக்கக் கூடாது. புதுக் கணக்குன்னா உங்க ஆளுங்க மோப்பம் பிடிச்சிடறீங்க."

"அதுக்கு அம்மாவக் கொடுத்துட்டே."

"ஒன்பதுதான் கிடைச்சுது."

அப்பா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ மாதிரியே எப்படிடா எழுதறீங்க?" பெரியவளின் குரல் தாழ்ந்தது. "அந்த அரை செ.மீ. எப்படி வந்துச்சு?"

"நாங்க எங்கக்கா எழுதறோம்? அம்மாவோட முந்நூத்துப் பன்னெண்டையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாங்க. பொருள் பேர மட்டும் கொடுத்தா மிச்சத்த அதுவே எழுதும். முதல் தடவை படிச்சப்போ நான் பாத்ரூம்ல போய் நின்னுட்டேன். அம்மாவே எந்திரிச்சு வந்து, பெட்டி நசுங்கியிருக்குன்னு சொல்ற மாதிரியே இருந்துச்சு."

"அதுக்கப்புறமும் விட்டுட்டே."

"கேக்க நல்லாயிருந்துச்சுக்கா."

வண்டி நகர்ந்தது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

"ஏழும் உங்க ஆபீஸ்தானே?"

"ஆறு."

"ஏழு. இப்போதான் எண்ணினேன். விளக்கு, திரை, கடிகாரம், குக்கர், பேட்டரி, இந்தக் கருவி, அப்புறம் செருப்பு."

சின்னவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "செருப்பா? எங்க லிஸ்ட்ல செருப்பு கிடையாதுக்கா. நாங்க செருப்பு எடுக்கறதே இல்ல."

"பொய் சொல்லாத."

"இவ்வளவும் சொன்னவன் அதை ஏன் மறைக்கப் போறேன்?"

அப்பா முதல் தடவையாகத் திரும்பினார். "அப்போ அது யாரு எழுதினா?"

*

மருத்துவர் கையால் அழுத்துகிற பழைய கருவியை எடுத்தார். வலது கையில் கட்டிப் பார்த்தார். காதிலிருந்து குழாயைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு, இடது கையில் பார்த்தார்.

"மேல இருநூத்துப் பன்னெண்டு. கீழ நூத்துப் பதினெட்டு. எப்படி நடந்து வந்தீங்க?"

"என்னிக்கும் போலத்தான்" என்றார் அப்பா.

"கதவுலேர்ந்து வரும்போது பார்த்தேன். இடது கால் இழுக்குது. எத்தனை நாளா?"

பெரியவளும் சின்னவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் அது செய்தி.

"அக்டோபர்லேர்ந்து" என்றார் அப்பா. "சொல்ற அளவுக்கு இல்லன்னு விட்டுட்டேன்."

"வீட்டுல யாரும் கவனிக்கலையா?"

ஒரு இரவு இங்கேயே இருக்க வேண்டும் என்றார் மருத்துவர். தலையை ஒரு படம் எடுக்க வேண்டும், அழுத்தத்தை மெல்லமெல்ல இறக்க வேண்டும் என்றார். ஒரு செவிலியர் சின்னக் காகிதக் குவளையில் மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்துவிட்டுப் போனார்.

அப்பா மாத்திரையைத் தொடவில்லை.

"அந்தச் செருப்பு ரிவ்யூவப் படி."

"முதல்ல மாத்திரைய போடுங்கப்பா."

"படி."

பெரியவள் போனைத் திறந்தாள். நவம்பர் 21 தேதி போட்டிருந்தது. அவள் மெதுவாகப் படித்தாள்.

'வீட்டுக்குள் போடுகிற ரப்பர் செருப்பு. எட்டாம் எண்ணை அளந்தேன், இருபத்தாறே முக்கால் செ.மீ. வழுக்கவில்லை. ஆனால் இடது காலை இழுத்து நடப்பவர்களுக்கு இடது குதி சீக்கிரம் தேயும். செருப்பு தேய்கிறதே என்று பார்க்காதீர்கள். கால் ஏன் இழுக்கிறது என்று பாருங்கள்.'

அவ்வளவுதான். பெட்டியைப் பற்றி ஒன்றும் இல்லை.

சின்னவன் சுவரோடு ஒட்டி நின்றான். "இது அந்தக் கம்ப்யூட்டர் எழுதினது இல்லக்கா. அதுக்குப் பெட்டி இல்லாம எழுதத் தெரியாது."

வீட்டில் போடுகிற ரப்பர் செருப்போடுதான் அப்பா கிளம்பி வந்திருந்தார், அது கட்டிலுக்குக் கீழே கிடந்தது. டேப் இன்னும் பெரியவளின் கைப்பையில் இருந்தது. குனிந்து வலது செருப்பை எடுத்து அளந்தாள். இருபத்தாறே முக்கால். இடது செருப்பைத் திருப்பிப் பார்த்தாள். குதிப்பக்கம் காகிதம் போல் தேய்ந்திருந்தது.

"கால் இழுக்க ஆரம்பிச்சதே அவ போன பிறகுதான்" என்றார் அப்பா. "நான் அப்படி நடந்து அவ பார்த்ததே இல்ல."

"நீங்க எழுதினீங்களாப்பா?"

"எனக்கு அவ பாஸ்வேர்டு தெரியாது. படிக்கத் தெரியும், அவ்வளவுதான்."

"அம்மா போன் எங்கே?"

"அலமாரியில. அவ புடவைக்கு அடியில. நான் எடுக்கறது இல்ல."

செவிலியர் எட்டிப் பார்த்து, "இன்னும் சாப்பிடலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பெரியவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, இந்தக் கணக்க நான் மூடணும். இறந்தவங்க கணக்குன்னு தெரிஞ்சா அன்னிக்கே மூடணும், அதுதான் விதி. போன வாரமே மூடியிருக்கணும், மூடல."

"மூடினா?"

"எல்லாம் போயிடும். அவங்க எழுதின பழசும் சேர்த்து."

"முந்நூத்துப் பன்னெண்டுமா?"

"ஆமா."

"ஏழுல ஆறுதான் பொய்ன்னீங்க. இது ஒண்ணு பொய் சொல்லலையே. டாக்டர் சொன்னதத்தானே சொல்லுது. கொஞ்ச நாள் விட்டு வைக்கக் கூடாதா? அடுத்து என்ன எழுதுதுன்னு பார்க்கலாமே."

அவர் கெஞ்சிய மாதிரி இருந்தது. அப்பா கெஞ்சிப் பெரியவள் பார்த்ததில்லை. இந்த நோயாளிக்குத் தன் மகள் சொல்வது போதாது, மருத்துவர் சொல்வதும் போதாது என்பது அப்போதுதான் அவளுக்கு முழுதாகப் புரிந்தது. அடுத்த மணி அடிக்கும்வரை அவர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அது 'வேண்டாம்' என்று எழுதினால் விட்டுவிடுவார்.

அவள் புகாரைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். "இது காலையில வந்துச்சு."

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு வரியையும் படித்தார். உதடு அசைந்தது. திரும்பவும் படித்தார்.

"அந்தம்மா வீட்டுக்காரர் எத்தனை நாள் கட்டியிருந்தார்?"

"தெரியலப்பா."

"இன்னும் எத்தனை பேர் கட்டியிருக்காங்க?"

"உதவியா இருந்துச்சுன்னு ஆயிரத்து நூத்து இருபத்தாறு பேர் அழுத்தியிருக்காங்க. வாங்கினவங்க எத்தனைன்னு எனக்குக் காட்டாது."

அப்பா கண்ணாடியைக் கழற்றிப் போர்வைமேல் வைத்தார். "அவளுக்கு இது தெரிஞ்சா என்னை வெட்டிப் போட்டிருப்பா." சின்னவனைப் பார்த்தார். "உன்னையும்தான்."

சின்னவன் தலையை ஆட்டினான்.

"மூடிடு" என்றார் அப்பா. காகிதக் குவளையை எடுத்து மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீரைக் குடித்தார்.

*

மாலை 6.12-க்குக் கணக்கு மூடப்பட்டது. 319 மதிப்புரைகளும் கடையின் பக்கங்களிலிருந்து நீங்கின. ரத்த அழுத்தக் கருவியின் சராசரி மதிப்பெண் 4.7 என்றே இருந்தது. அது விற்பனையில் இருக்கிறது. அதை நிறுத்தச் சொல்லிப் பெரியவள் கொடுத்த புகாருக்கு ஒரு எண் கொடுக்கப்பட்டிருக்கிறது.

அப்பாவின் அழுத்தம் ஏழு மணிக்கு 178-க்கு இறங்கியது.

ஏழும் எங்கிருந்து எழுதப்பட்டன என்று பெரியவள் கேட்டிருந்ததற்கு 7.20-க்குப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து பதில் வந்தது. ஆறு மதிப்புரைகள் ஒரே அலுவலக இணைப்பிலிருந்து எழுதப்பட்டவை. செருப்பைப் பற்றியது நவம்பர் 21, வியாழக்கிழமை, பிற்பகல் 2.15-க்கு, அப்பாவின் வீட்டு இணைப்பிலிருந்து எழுதப்பட்டது.

வியாழக்கிழமைகளில் அப்பா பழைய சகாக்களோடு சீட்டாடப் போய்விடுவார். ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை அந்த வீடு பூட்டியிருக்கும்.